கிழக்கு கேலரி

அந்தச் சட்டைய எங்க வாங்குன தம்பி? இல்ல, சும்மாதான் கேட்டேன். மஞ்சளும் கருப்பும். நல்லாத்தான் இருக்கு. கோயமுத்தூர் புட்பால் டீம் சட்டைதானே? தெரியும், தெரியும். எனக்குத் தெரியாதா.

அந்த டீம் எந்த ஊர் டீம்னு உனக்குத் தெரியுமா? கோயமுத்தூர்னு சொல்லாத. அது எங்க டீம். மெட்ராஸ் டீம். கால்வாய்க்கரை யங்மென்ஸ்னு பேரு. எங்க அப்பா காலத்துல எங்க தெரு ஆளுங்க ஆளுக்கு நாலணா போட்டு ஆரம்பிச்சது. சிவப்புச் சட்டை, வெள்ளை நிக்கர். அதத்தான் லீக்குல ஆடற லைசென்ஸுன்னு ஒரு பேப்பர வச்சிக்கிட்டு உங்க ஊர்க்காரங்களுக்கு வித்துட்டாங்க. பேர மாத்தி, கலர மாத்தி. நீ கோவிச்சிக்காத. நீ காசு குடுத்து சட்ட வாங்கியிருக்க, நீ என்ன பண்ணுவ. உன்ன நான் ஒண்ணும் சொல்லல.

இந்த பஸ்ஸுல இன்னும் எட்டு மணி நேரம் போவணும். தூக்கம் வந்தா சொல்லு, நிறுத்திக்கிறேன்.

என் பேரு அமலதாஸ். பம்பு ஸ்டேஷன்ல பிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க ஏரியாவுல தாசுன்னு சொன்னா போதும், வீட்ட காட்டுவாங்க. எனக்கு கன்னியப்பன்னு ஒரு சிநேகிதன். காசிமேட்டுல ஐஸ் வேலை. மீன் பெட்டிக்கு ஐஸ் ஒடைச்சு ரொப்பி லோடு ஏத்தணும். அவனும் நானும் முப்பத்தோரு வருஷம் ஒண்ணா உக்காந்து மேட்ச் பாத்தோம். ஞாயித்துக்கிழமை மூணரை மணி மேட்ச். ரெண்டு மணிக்கே வந்து வாசல்ல நிப்பான். "டேய் தாசு, சோறு துன்னது போதும் வாடா"ம்பான். என் சம்சாரம் பிலோமினாவுக்கு அவன் குரல் கேட்டாலே எரியும்.

கிரவுண்டுல நாங்க கிழக்கு கேலரி. சாயங்கால வெயில் நேரா மூஞ்சிலதான் அடிக்கும். அதனால அங்க டிக்கெட் பத்து ரூபா. மேற்குப் பக்கம் கூரை உண்டு, நாற்காலி உண்டு, அதெல்லாம் கிளப் செக்ரட்டரி, போலீஸ்காரங்க, பெரிய மனுஷங்க உக்கார்ற இடம். நமக்கென்ன, தலைல துண்டு போட்டுக்கிட்டா ஆச்சு. ஐஸ்காரங்க, லோடுக்காரங்க, வலை பின்றவங்க, ஆட்டோ ஓட்றவங்க, எல்லாம் அங்கதான்.

கன்னியப்பனுக்கு ஒரு குரல் இருக்கு பாரு. மைக் வேணாம். ரெப்ரி தப்பா விசில் ஊதினா எந்திரிச்சு நிப்பான். "யோவ் சார், வூட்டு அட்ரஸ் சொல்லு! கண்ணாடிய மறந்துட்டு வந்துட்ட, நான் போய் எடுத்துனு வரேன்!" கிரவுண்டே சிரிக்கும். அந்த ரெப்ரியே ஒரு தரம் சிரிச்சிருக்காரு. சில நாள் கெட்ட வார்த்தையும் வரும், அத நான் இல்லன்னு சொல்லல. கோவம் வந்தா வரும். ஆனா அவன் கத்தினா எங்க பசங்க காலுக்கு ரெண்டு மடங்கு வேகம் வரும். அத நான் கண்ணால பாத்திருக்கேன்.

அவனுக்கு ஒரே பையன், லோகநாதன். லோகுன்னு கூப்புடுவோம். லெப்ட் அவுட். பத்தொம்பது வயசுல யங்மென்ஸுக்கு ஆட வந்தான். என்ன தாஸ் மாமான்னுதான் கூப்புடுவான். விடியக்காலைல அப்பன் கூட ஐஸ் ஒடைச்சிட்டு சாயங்காலம் வந்து ஆடுவான். காலைல வேலை முடிஞ்சதும் அந்தக் கையோட வந்து என் கன்னத்துல வைப்பான் பாரு, ஜில்லுன்னு இருக்கும். சரி, அத விடு.

அப்புறம் டி.வி. வந்துச்சு.

எந்த சேனல்னு கேக்காத, அது இப்ப அந்தப் பேருலயே இல்ல. எட்டு டீம வச்சு ஒரு லீக் ஆரம்பிச்சாங்க. சேனல்காரன் லீக்குக்கு மொத்தமா பணம் குடுப்பான், லீக்கு அத எட்டா பிரிச்சு ஒவ்வொரு டீமுக்கும் குடுக்கும். ஆனா டீம் ஒரு கம்பெனியா இருக்கணும், ஒரு முதலாளி இருக்கணும். எங்க கிளப்புக்கு பரந்தாமன் சார் வந்தாரு. பிளாட்டு கட்டி விக்கிறவரு. பள்ளிக்கூட ஹால்ல மீட்டிங் போட்டு சொன்னாரு, "இனிமே உங்க பசங்க வெறும் கால்ல ஆட வேணாம். உலகமே உங்க கால்வாய்க்கரையப் பாக்கும்." கை தட்டினோம். நான்தான் முதல்ல தட்டினேன், ஏன் பொய் சொல்லணும். கன்னியப்பனும் தட்டினான்.

முதல் வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அதச் சொல்லாம இருக்கக்கூடாது. பசங்களுக்கு மாசச் சம்பளம். லோகுவுக்கு பதினெட்டாயிரம். ஐஸ் வேலைய விட்டான். அவங்கம்மா கோவிந்தம்மா முதல் சம்பளத்துல எங்க வீட்டுக்கு மிக்சர் பொட்டலமும் ஜிலேபியும் கொண்டு வந்து குடுத்தா. பிலோமினாவே சிரிச்சா.

அந்த கேமராவ எங்க வச்சாங்கன்னு நெனைக்கிற? மேற்குக் கூரை மேல. வெயிலுக்கு எதிர்ல வைக்க முடியாதாம். அப்ப டி.வி.ல என்ன தெரியும்? கிழக்கு கேலரி. பந்து எங்க போனாலும் பின்னாடி நாங்கதான். அதுவரைக்கும் எங்கள யாரும் பாத்ததில்ல. இப்ப ஊரே பாக்குது. வலைக்காரங்க, லுங்கி, தலைல துண்டு, பீடி.

அதப் பாத்துட்டுத்தான் நிவேதா மேடம் வந்தாங்க. சின்ன வயசுதான், இருபத்தெட்டு இருக்கும். சேனல்ல கூட்டத்தப் பாத்துக்கிற வேலையாம். கூட்டத்தப் பாத்துக்க ஒரு வேலை! என்கிட்ட வந்து, "அங்கிள், இங்க எல்லாரும் நீங்க சொன்னா கேப்பாங்கன்னு சொன்னாங்க"ன்னாங்க. சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க. எனக்கு ஒரு தொப்பி, ஒரு சிவப்பு பனியன், கழுத்துல மாட்ட ஒரு அட்டை. அதுல என் போட்டோ. கீழ 'ரசிகர் தலைவர்'னு. பம்பு ஸ்டேஷன்ல முப்பத்திநாலு வருஷம் வேல பாத்தேன், ஒருத்தன் என்ன தலைவர்னு சொல்லல.

வேலை என்னன்னா, கேலரிக்கு முன்னால ஒரு பெட்டி மேல ஏறி நிக்கணும். கேலரியப் பாத்து நிக்கணும். காதுல ஒரு சின்ன மிஷின். மேடம் அதுல சொல்லுவாங்க, "அங்கிள், இப்ப கேமரா வருது", உடனே நான் கைய தூக்கணும், எல்லாரும் கத்தணும். "அலை"ன்னா எல்லாரும் ஒரு பக்கத்துலேருந்து எந்திரிச்சு உக்காரணும். நல்லா பண்ணேன். மொத மேட்ச் முடிஞ்சதும் மேடம் கை குடுத்தாங்க.

ரெண்டு வருஷம் அந்தப் பெட்டி மேல நின்னேன். ஒரு கோல் கூட நேர்ல பாக்கல. பின்ன எப்படிப் பாக்கறது? கிரவுண்டு என் முதுகுக்குப் பின்னால. கூட்டம் எந்திரிச்சா, ஓகோ கோல் போல இருக்கு. வீட்டுக்குப் போய் டி.வி.ல மறுபடி போடும்போது பாத்துக்குவேன். அதுல என் மூஞ்சியையும் காட்டுவாங்க, பெட்டிக்குப் பக்கத்துல தோள்ல கேமராவோட ஒருத்தன் நிப்பான். ஒரு தரம் எட்டு செகண்டு காட்டினாங்க. எங்க மச்சான் துபாய்லேருந்து போன் பண்ணான்.

கன்னியப்பன் விஷயம் எப்ப ஆரம்பிச்சதுன்னா, மைக்குல. கேலரிக்குக் கீழ சத்தம் புடிக்கிறதுக்கு மைக் வச்சிருந்தாங்க. ஒரு மேட்ச்ல எங்களுக்கு பெனால்டி குடுக்கல. இவன் எந்திரிச்சு ரெப்ரியோட பொறப்பப் பத்தி ஒரு வார்த்த சொன்னான். அது அப்படியே டி.வி.ல போயிடுச்சு. எண்ணெய் விளம்பரக்காரன் சேனலுக்கு போன் பண்ணிட்டான், குடும்பத்தோட பாக்கற நிகழ்ச்சின்னு. மேடம் என்னக் கூப்பிட்டாங்க. கோவமாக் கூட பேசல. "அங்கிள், நீங்களே ஒரு லிஸ்ட் குடுங்க. கேலரி பாஸ் யாருக்கெல்லாம் குடுக்கலாம்னு. லுங்கி வேணாம், குடிக்கிறவங்க வேணாம், அந்த மாதிரி பேசறவங்க வேணாம். உங்க விருப்பம்தான்."

அவங்க கன்னியப்பன் பேர சொல்லல. நானும் சொல்லல. நான் லிஸ்ட் எழுதினேன், அவ்வளவுதான். இருநூத்திப்பத்து பேரு. அதுல அவன் பேரு இல்ல. யாரையும் நீக்கறதுக்கு நான் எழுதல, பாரு. சேக்கறதுக்கு எழுதினது அது.

அடுத்த மேட்சுக்கு வந்தான். கேட்டுல பாஸ் கேட்டாங்க. என்னக் கூப்பிட்டான். நான் பெட்டி மேல நின்னுக்கிட்டிருந்தேன், கேமரா வர்ற நேரம், இறங்க முடியல. இடைவேளைல போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னான்.

"இன்னாடா தாசு, என் பேரு இல்லங்கிறான்?"

"ஒரு மாசம் வடக்குப் பக்கம் உக்காரு கன்னியப்பா. அப்புறம் நான் பேசி சேத்துடறேன்."

"வடக்குல முந்நூறு ரூபா டிக்கெட்டு."

"நான் வாங்கித் தரேன்."

"நீ வாங்கித் தரியா?" அப்படின்னு கேட்டான். என் கழுத்துல இருந்த அட்டையவே பாத்தான். படிக்கத் தெரியாது அவனுக்கு, போட்டோவத்தான் பாத்திருப்பான். "நீ மேல போ. உன்ன தேடப் போறாங்கோ"ன்னுட்டு போயிட்டான்.

முந்நூறு ரூபாய நான் குடுக்கிறேன்னுதானே சொன்னேன்? அவன்தான் வேணாம்னான். வீம்பு.

அதுவுமில்லாம, அந்த மாசத்துலேருந்தே மேட்ச் நேரத்த மாத்திட்டாங்க தம்பி. ஞாயிறு மூணரைக்கு யாரும் டி.வி. பாக்கறதில்லையாம். செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை, ராத்திரி எட்டு மணி. சில சமயம் ரெண்டு நாள் முன்னாடிதான் சொல்லுவாங்க, கிரிக்கெட் இருக்குது, தள்ளி வச்சுட்டோம்னு. ஐஸ்காரன் எட்டு மணிக்குப் படுத்தாத்தான் ரெண்டு மணிக்கு எந்திரிக்க முடியும். பாஸ் குடுத்திருந்தாலும் அவனால வந்திருக்க முடியுமா? சொல்லு. முடியாது. அப்ப நான் லிஸ்ட்ல எழுதியிருந்தா என்ன, எழுதாட்டி என்ன? இத நான் அவன்கிட்ட சொல்லணும்னு நெனைச்சேன். நேரம் அமையல.

அவன் மட்டுமா? பாதிப் பேரு வரல. லோடுக்காரன் வரல, வலைக்காரன் வரல. அவங்கெல்லாம் டீக்கடைல நின்னு டி.வி.ல பாத்தாங்க. கிரவுண்டு அவங்க வீட்டுலேருந்து ஒன்றரை கிலோமீட்டர். கிரவுண்டு வெளிச்சம் தெருவுலேருந்தே தெரியும். அந்த வெளிச்சத்துக்குக் கீழ ஆடறத டீக்கடைல நின்னு பாத்தாங்க.

கேலரி காலியாத் தெரியுதுன்னு சேனல்ல கத்தறாங்கன்னு மேடம் அழாத குறை. அந்தப் பொண்ணு மேலயும் தப்பு சொல்ல முடியாது, அதுக்கும் மேல ஒருத்தன் இருந்தான். அப்புறம் ஒரு ஏஜென்ட வச்சு காலேஜ் பசங்களக் கூட்டிட்டு வந்தாங்க. ஆளுக்கு நூத்தியம்பது ரூபா, ஒரு பிரியாணி பொட்டலம். அதுங்களுக்கு நம்ம டீம் எது, எதிர் டீம் எதுன்னே தெரியாது. நான்தான் பாட்டு சொல்லிக் குடுத்தேன். எங்க அப்பாரு காலத்துப் பாட்டு. நல்லாப் பாடுனாங்க, சும்மா சொல்லக்கூடாது. டி.வி.ல பாத்தவங்க, முன்ன விட இப்பதான் கேலரி கலகலன்னு இருக்குன்னு சொன்னாங்க.

விழுப்புரம் தாண்டிட்டோமா? சரி. அந்த ஜன்னல கொஞ்சம் சாத்து, காத்துல குரல் போகுது.

ரெண்டாவது வருஷம், பிப்ரவரி மாசம். அன்னிக்கு மதுரை டீமோட மேட்ச். எழுபதாவது நிமிஷம் இருக்கும். காதுல மேடம் சொல்றாங்க, "அங்கிள், கேமரா உங்ககிட்ட வருது, பெருசா ஒண்ணு குடுங்க, விளம்பரத்துக்கு முன்னால." நான் கைய தூக்கினேன். பசங்க கத்தினாங்க. எந்திரிச்சு ஆடினாங்க. பலூன் விட்டாங்க. நான் சிரிச்சிட்டே இன்னும் இன்னும்னு கைய காட்டினேன். நல்ல சத்தம். அந்த சத்தத்துல பின்னால என்ன நடந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் முதுகு கிரவுண்டு பக்கம்.

லோகு கீழ விழுந்து கிடந்திருக்கான். மதுரைக்காரன் ரெண்டு கால வச்சு மேல பாஞ்சிருக்கான். முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா போயிடுச்சு. சத்தம் கேட்டுதாம், ஒடைஞ்ச சத்தம், பக்கத்துல இருந்த பசங்க சொன்னாங்க. அவன் கிடந்து துடிக்கிறான், பின்னால என் கேலரி ஆடுது. டி.வி.ல ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சிருக்கு. முன்னால லோகு, பின்னால பலூன், நடுவுல நான்.

கன்னியப்பன் தூக்கத்த விட்டுட்டு அத டீக்கடைல நின்னு பாத்திருக்கான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ராத்திரியே போக முடியல, கேலரி பசங்களுக்குக் கணக்கு முடிச்சு அனுப்பணும். காலைல போனேன். சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன், நல்ல சாத்துக்குடியா பாத்து. கன்னியப்பன் வராண்டாவுல உக்காந்திருந்தான். பக்கத்துல உக்காந்தேன். அப்புறம் சொன்னான்:

"நீ சிரிச்சினு இருந்தடா."

"நான் பாக்கல கன்னியப்பா. சத்தியமா. நான் இந்தப் பக்கம் திரும்பி நின்னேன்."

"அதான் சொல்றேன்."

என்ன சொல்றான்? ஒண்ணும் புரியல எனக்கு. பாக்கலன்னு சொல்றேன், அதான் சொல்றேன்ங்கிறான். பையன் அப்படி இருக்கும்போது மனசு ஒரு நிலைல இருக்காதுன்னு விட்டுட்டேன்.

ஆனா அவனுக்கு நான் நல்லதுதான் பண்ணேன் தம்பி. இதக் கேளு. ரெண்டு நாள் கழிச்சு பரந்தாமன் சார் கூப்பிட்டு விட்டாரு. ஏ.சி. ரூம். எனக்கு காபி வந்துச்சு. "தாஸ், அந்தப் பையன் குடும்பம் நீங்க சொன்னா கேக்கும். ஆஸ்பத்திரி பில்ல கிளப் கட்டிடும். கைச்செலவுக்கு அம்பதாயிரம் தரேன். பையன் மயக்கத்துல இருக்கான், அவங்கப்பா போதும், இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. சும்மா ஆபீஸ் பைலுக்குத்தான்."

முதல்ல இருபத்தஞ்சுதான் சொன்னாரு. நான்தான் பேசி அம்பதாக்கினேன். அது கன்னியப்பனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

பேப்பர கொண்டுபோய் அவனுக்கு வாசிச்சு காட்டினேன். கிளப் பில் கட்டும், அம்பதாயிரம் தரும், எல்லாம் வாசிச்சேன். கடைசில ரெண்டு வரி இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான் எட்டாவது படிச்சவன், பம்பு மேல எழுதியிருக்கற இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியும். 'இதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டோம்'ங்கிற மாதிரி ஒண்ணு. அது அந்த மாதிரிதான் எல்லாப் பேப்பர்லயும் இருக்கும்ல? அத நான் வாசிக்கல. வாசிச்சா பயந்துடுவான், அம்பதாயிரமும் போயிடும். அப்ப அதுக்கும் என்னையத்தான் திட்டுவாங்க.

"அவ்ளோதானா?"ன்னு கேட்டான் கன்னியப்பன்.

"அவ்ளோதான்."

கைநாட்டு வச்சான். மைய நான்தான் அவன் கட்ட விரல்லேருந்து துடைச்சு விட்டேன். துண்டால.

மூணு மாசத்துல லோகு காலு உள்ள வச்ச பிளேட்டு சீழ் வச்சுக்கிச்சு. மறுபடி ஆபரேஷன். ஒண்ணே முக்கால் லட்சம். கன்னியப்பன் கிளப் ஆபீசுக்குப் போனான். அந்தப் பேப்பர எடுத்துக் காட்டினாங்க. என்ன எழுதியிருக்குன்னு அங்க இருந்த பையன் ஒருத்தன் தமிழ்ல சொல்லியிருக்கான், முழுசா. கோவிந்தம்மா தாலிய வித்து ஆபரேஷன் பண்ணாங்க. லோகு இப்ப நடக்கறான். நல்லாவே நடக்கறான். ஆட முடியாது, அவ்வளவுதான்.

என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அவன்? வாசல்ல வந்து நின்னு சண்ட போட்டிருக்கலாம்ல? முப்பத்தோரு வருஷம். ஒரு தடவ என் சட்டையப் புடிச்சிருந்தா நானும் நாலு வார்த்த சொல்லியிருப்பேன், முடிஞ்சிருக்கும். பேசறத நிறுத்திட்டான். ரோட்டுல பாத்தா மரத்தப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போறான். அதத்தான் நான் மன்னிக்க முடியாது.

அப்புறம் என்ன, அந்த வருஷக் கடைசில சேனல்காரன் கைய விரிச்சிட்டான். கேலரிய நாங்க ரொப்பினோம், ஆனா வீட்டுல யாரும் பாக்கலையாம். அந்த சேனலயே இன்னொருத்தன் வாங்கிட்டான், அவனுக்குக் கால்பந்து வேணாம். பரந்தாமன் சார் அடுத்த ரெண்டு வருஷத்து டி.வி. பணத்த நம்பி பிரேசில்காரன் ஒருத்தன், ஆப்பிரிக்காக்காரன் ரெண்டு பேருன்னு கையெழுத்து வாங்கி வச்சிருந்தாரு. சின்னப் பசங்க டீம முன்னமே கலைச்சாச்சு, அது டி.வி.ல வராதுன்னு. அஞ்சு மாசம் யாருக்கும் சம்பளம் இல்ல. கடைசில லைசென்ஸ உங்க ஊர் மில்லுக்காரரு ஒருத்தருக்கு வித்துட்டாரு. இப்ப வேற சேனல், போன்ல பாக்கறதாமே. எங்களுக்குப் பேப்பர்ல பாத்துத்தான் தெரியும். அறுவத்தேழு வருஷத்து டீம், காலைல பேப்பர் பிரிச்சா காணோம்.

நிவேதா மேடம் போன எடுக்கல. பரந்தாமன் சார் வாட்ச்மேன் என்னைய கேட்டுக்குள்ள விடல. என்னைய! அட்டைய காட்டினேன், சிரிச்சான்.

இவங்க டீம திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க தெரியுமா? கன்னியப்பனும் தெரு ஆளுங்களும். கார்ப்பரேஷன் மைதானத்துல. நாலாவது டிவிஷன்லேருந்து. கயிறு கட்டி, ஞாயித்துக்கிழமை மூணரை மணிக்கு. சின்னப் பசங்கள வச்சு ஆட விடறாங்க. லோகுதான் கோச். எனக்கு யாரும் சொல்லல. பிலோமினாதான் கோயில்ல கேட்டுட்டு வந்து சொன்னா. "நீ போவாத"ன்னும் சொன்னா. நான் போனேன்.

யாரும் தடுக்கல. பாஸ் கேக்கல. லோகுதான் பாத்தான். "தாஸ் மாமா, வாங்க, இந்த நாற்காலில உக்காருங்க"ன்னான். அவன் உக்காந்திருந்த நாற்காலி. எனக்குக் குடுத்துட்டு அவன் நின்னான், ஒரு காலுல பாரத்தப் போட்டு. அவங்கப்பன் பத்தடி தள்ளி நின்னுக்கிட்டிருந்தான். என்னப் பாத்தான், எதிர்ப்பக்கத்துக்கு நடந்து போயிட்டான். அவன் ஒருத்தன்தான் போனான்.

மேட்ச் நடக்குது. லோகு ஆட்டத்தப் பாத்துக்கிட்டே, என் பக்கம் திரும்பாமக் கேட்டான்: "மாமா, அந்தப் பேப்பர்ல கடைசில எழுதியிருந்தது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"இல்லப்பா. எனக்கு இங்கிலீஷ் ஏது?"

"சரி மாமா."

அவ்வளவுதான் கேட்டான். அப்புறம் டீ வாங்கிக் குடுத்தான். குடிச்சேன். மறுவாரம் போகல. எனக்கு ஒண்ணும் இல்ல, அந்த வெயிலு ஒத்துக்கல.

நான் ஏன் கோயமுத்தூர் போறேன்னு நீ கேக்கவே இல்லையே தம்பி. கேப்பன்னு பாத்தேன். உங்க டீம்லதான் கூப்பிட்டிருக்காங்க. எங்க கிளப்புப் பழைய கணக்குப் பிள்ளை ஒருத்தர் அங்க சேந்திருக்காரு, அவரு என் பேரச் சொல்லியிருக்காரு. கூட்டம் சுமாராத்தான் வருதாம், சத்தமே இல்லையாம். மேட்சுக்கு ஆயிரத்து இருநூறு, பஸ் செலவு, லாட்ஜு. நாலு நாள் பசங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்து, கை தட்டப் பழக்கிட்டு, வெள்ளிக்கிழமை மேட்ச்ல நானே நிப்பேன். என்ன அப்படிப் பாக்கற? பென்ஷன் எவ்வளவு வருதுன்னு உனக்குத் தெரியுமா? நான் போகலன்னா வேற ஒருத்தன் போவான். அவனுக்குப் பாட்டு தெரியுமா? அது எங்க பாட்டு. 'கால்வாய்க்கரை'ங்கிற எடத்துல உங்க ஊர்ப் பேரப் போட்டா சரியா வந்து உக்காருது. பாடிப் பாத்தேன் ராத்திரி.

இன்னிக்குக் காலைல பஸ் ஸ்டாண்டுலேருந்து அவனுக்கு போன் போட்டேன். கன்னியப்பனுக்கு. என்னமோ தோணிச்சு. எடுக்க மாட்டான்னுதான் நெனைச்சேன், எடுத்துட்டான். பின்னால ஐஸ் மிஷின் ஓடற சத்தம் கேக்குது.

"கன்னியப்பா, நான் தாசு. கோயமுத்தூர் போறேன். அங்க கேலரிக்குக் கூப்பிட்டிருக்காங்க."

லைன்ல இருக்கான், மூச்சு கேக்குது.

"நாலு நாள்ல வந்துடுவேன். லோகுவுக்கு எதாவது வேணும்னா சொல்லு, அங்க நல்ல ஆஸ்பத்திரியெல்லாம் இருக்கு, விசாரிச்சிட்டு வரேன்."

ஐஸ் ஒடைக்கற சத்தம் கேட்டுது. நான் கேட்டேன், "சரி, பஸ் கிளம்பப் போவுது. போயிட்டு வரவா?"

"போ"ன்னான்.

வச்சுட்டான்.

கிளம்பறவங்கள நாம 'போ'ன்னா சொல்லுவோம் தம்பி? 'போயிட்டு வா'ன்னுதானே சொல்லுவோம். சண்டைக்காரனா இருந்தாக்கூட அப்படித்தான் சொல்லுவோம். அவன் ஐஸ் ஒடைச்சிக்கிட்டு இருந்தான். லோடு ஏத்தற நேரம், லாரிக்காரன் கத்திக்கிட்டிருப்பான், கையில மொபைல புடிச்சிக்கிட்டு நின்னு பேச முடியுமா. அவசரத்துல பாதியச் சொல்லிட்டு மீதிய விட்டிருப்பான். அப்படித்தான் இருக்கும். என்ன சொல்ற? அப்படித்தானே இருக்கும்?